மருந்து வேண்டாம் என்று சொன்ன பிறகு

நோய் இருக்கிறது, ஆனால் இப்போது மருந்து வேண்டாம். இந்த இரண்டையும், கேட்கிறவர் மனத்தில் ஒன்று மற்றதை விழுங்கிவிடாதபடி எப்படிச் சொல்வது? ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்த வருஷங்களில் எனக்கு விடை கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு, சின்னவளின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே யோசிக்கிற இப்போதும் கிடைக்கவில்லை.

அந்த அறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்கள் இருவருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி மேட்ரன் கேட்டார். ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு அந்த வயது ஆகவில்லை. மூத்தவனுக்கு இழுப்பு, மழை வந்தால் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நின்றுவிட்டேன். நின்றது சரிதானா என்று தினமும் ஒருமுறையாவது தோன்றும். இதை எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்றும் தோன்றுகிறது.

கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்ப்பதையும் சாயமிடுவதையும் எண்ணுவதையும் அங்கே இருப்பவர்களே சொல்லித் தருவார்கள். எண்ணி முடித்த பிறகு வருகிற சங்கடத்தைப் பற்றித்தான் நான் சொல்ல முடியும். அதையும் ஒரே ஒருவரை வைத்துத்தான் சொல்லத் தெரியும். அவரைப் பற்றி எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஊரு முழுக்க வீடு வீடா சொன்னவதானே, இனி எழுதினா என்ன?" என்றார்.

ரெத்தினபாய் மாமி, காரோடு என்ற பக்கத்து ஊரில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பயிரிடுகிறவர். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கட்டட வேலைக்குப் போகிறான். உறவு முறையில் அவர் எனக்கு மாமி அல்ல. என் புகுந்த வீட்டாரும் அவரும் ஒரே சபை. ஆலயத்தில் எனக்கு முன்வரிசையில் உட்காருவார். மண்வெட்டி பட்ட கால்புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார். புண்ணுக்காக எடுத்த ரத்தத்தில்தான் அது தெரிந்தது. வெள்ளணுக்கள், அதிலும் ஒரே சாயலான சின்ன வட்ட அணுக்கள், இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தன. கழுத்தில் புளியங்கொட்டை அளவில் சில கட்டிகள். இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் இரண்டு விரல் அளவு இறங்கியிருந்தது.

எங்கள் டாக்டரம்மா திருவனந்தபுரத்துக்கு வடக்கேயிருந்து வந்த மலையாளி. அப்போது முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். இது ரத்தப் புற்றுநோயில் மெதுவாக நகர்கிற வகை என்று என்னிடம் தனியாகச் சொன்னார். எங்களுக்குத் தெரிந்த சிகிச்சை இரண்டுதான்: ஆர்சனிக் கலந்த சொட்டு மருந்து, அல்லது மண்ணீரலின்மேல் எக்ஸ்ரே. இரண்டும் நோயை அடக்கும், தீர்க்காது. கூடவே ஆளையும் அடிக்கும். மரச்சீனியைப் பிடுங்கித் தலையில் சுமக்கிற தெம்போடு இருப்பவருக்கு அதைக் கொடுத்தால், நோய் இன்னும் செய்யாத கெடுதலை நாம் செய்தவர்களாவோம். ஆகவே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல் உண்டா, இளைப்பு உண்டா, மெலிந்தாரா என்று கேட்க வேண்டும்.

"தொடங்குகிற நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அவரு தன்னே பறயும். நம்மளு கேட்டால் மதி" என்றார். அவரே சொல்லுவார், நாம் கேட்டால் போதும் என்று அர்த்தம்.

அந்த நாட்களில் இந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லும் வழக்கம் இல்லை. பெண்களிடம் சொல்லவே மாட்டார்கள். டாக்டரம்மா மாமியிடம், "ரத்தத்தில் ஒரு கொறவு உண்டு. இப்போ மருந்நு வேண்டா. பயப்படவும் வேண்டா. மாசம் தோறும் வரணும், கேட்டோ?" என்றார்.

மாமி என் பக்கம் திரும்பினார். "மருந்து வேண்டாமாம்மா?"

"இப்பம் வேண்டாம் மாமி. மாசாமாசம் வந்து காட்டணும்" என்றேன்.

சொன்னதில் குறை இருந்ததாக இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போனால் குப்பியில் மருந்து தருவார்கள். தராமல் அனுப்பினால் உடம்பில் ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது. அந்தக் கணக்குக்கு முன்னால் எங்கள் வார்த்தை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாட்சி சொல்லுகிற நேரம் வந்ததும் மாமி எழுந்து நின்றார்.

"எனக்க ரெத்தத்துல கொறவு உண்டுன்னு சொன்னாவ. நான் பயந்தேன். ராத்திரி உறக்கம் இல்ல. முழங்கால்ல நிண்ணு கேட்டேன். டாக்டரம்மா மருந்தே வேண்டாமுன்னு சொல்லிப்போட்டாவ. கர்த்தர் எனக்கு சொகம் தந்தாரு."

சபையே அல்லேலூயா என்றது. என் மடியில் மூத்தவன் உறங்கிக்கொண்டிருந்தான். எழுந்து, "அப்படியில்லை" என்று சொல்லியிருக்க முடியுமா? நோயாளியின் விஷயத்தைச் சபை நடுவே சொல்ல எனக்கு உரிமை ஏது? சொல்லாமல் இருக்கவும்தான் உரிமை ஏது? இரண்டையும் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஜெபம் முடிந்துவிட்டது.

மாமி காணிக்கையாகக் கொண்டுவந்த ஏத்தங்குலையை, நேந்திரம் வாழைத்தாரை, ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் விட்டார்கள். அதை எடுத்தது என் வீட்டுக்காரர். பள்ளிக்கூட வாத்தியார், ஏலத்தில் ஒருவர் கூட்டிக் கேட்டால் இவரும் கூட்டாமல் விடமாட்டார். பெருமையாகத் தோளில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது அடுக்களை மூலையில் தொங்கி நாளுக்கு நாள் பழுத்துக்கொண்டே இருந்தது. மகனுக்கு மட்டும் உரித்து ஊட்டினேன்.

"நல்ல பழம். நீ ஒண்ணு தின்னேன்" என்பார் இவர்.

"பிறகு தின்னுதேன்" என்பேன். ஒன்றுகூடத் தின்னவில்லை. ஏன் என்று அவரிடமும் சொல்ல முடியாது.

நான் பயந்தபடியே அடுத்த மாதம் மாமி வரவில்லை. எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம் அது. தமிழ் பேசுகிற எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு ஊர்வலம் போகும். கூடாது என்று மறுநாள் இன்னொன்று போகும். பாறசாலையில் இன்று பஸ் ஓடினால் நாளை ஓடாது. ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டிருப்பார்கள். அதனால்தான் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் அதே காரோட்டிலிருந்து மற்ற நோயாளிகள் நடந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

"ஆ காரோட்டுக்காரி வந்நோ?" என்று டாக்டரம்மா கேட்பார். இல்லை என்பேன். அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிடுவார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டாவது மாதமும் வராததால், ஒரு சனிக்கிழமை பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மரச்சீனி வெட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். பிள்ளையைக் கொஞ்சினார், கட்டன் சாயா போட்டுத் தந்தார். நான் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்ததும் முகம் இறுகிவிட்டது.

"நான் சபையில சாட்சி சொன்னவளாக்கும். இனி ஆசுபத்திரி வாசல்ல போய் வரிசையில நிண்ணா பாக்குத சனம் என்ன சொல்லும்? கர்த்தர் தந்தது காணாதுன்னு டாக்டரு கிட்ட போறாளேன்னு சொல்லாதா?"

"சும்மா பாக்கத்தானே மாமி."

"சொகமானவள எதுக்கு பாக்கணும்?"

அந்த இடத்தில் நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். பயந்து வந்திருப்பார். ஆனால் பல வருஷம் நன்றாக இருக்கக்கூடிய ஒருவருக்கு அந்த வருஷங்கள் முழுவதையும் பயத்தால் நிரப்பிக் கொடுத்தவளாகிவிடுவேன். சொல்லாமல் திரும்பினால், நேரம் வரும்போது யாருக்கும் தெரியாமல் போய்விடும். சாயா ஆறும்வரை யோசித்தேன். பிள்ளை அழுதான், எழுந்தேன். வாசல் தாண்டியபோதுதான் ஒன்று தோன்றியது.

எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தார் மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி வார்டுகளுக்கு வந்து நோயாளிகள் பக்கத்தில் நின்று பாடி ஜெபிப்பார்கள். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். நான் திரும்பிப் போய், "மாமி, நீங்க சங்கத்தாரோட வரலாமே. சொகம் கிடைச்சவங்க வந்து ஜெபிச்சா நோயாளிகளுக்கு ஒரு தைரியம்" என்றேன்.

மாமியின் முகம் மலர்ந்தது. "நான் பாடினா கேக்க கொள்ளாதுன்னு சொல்லுவாவளே!"

"பின்வரிசையில நில்லுங்க."

அப்படி வந்தார். வார்டு முடிந்ததும் வேலையறைக்குள் எட்டிப் பார்ப்பார். "எடுத்துக்க மக்கா, உனக்க ஆசைக்கு. ரெத்தம் எண்ணலேன்னா உனக்கு சம்பளம் தரமாட்டாவல்லா" என்று விரலை நீட்டுவார். எனக்குத் தருமம் செய்கிறார் என்று அவர் நினைத்தார். டாக்டரம்மா அந்த நேரம் பார்த்து வந்து, "ரெத்னபாயி, ஒந்நு கிடக்கணும்" என்று வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். மாமி வெட்கத்தோடு படுப்பார். "டாக்டரம்மா மலையாளத்தி எண்ணாலும் கை நல்ல கையாக்கும். போராட்டக்காரனுவ இத கேட்டா என்னைய அடிப்பானுவ" என்று சிரிப்பார்.

இது நேர்மையான வழியா? எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. இதற்கு ஒரு விலையும் இருந்தது. மாமி வார்டில் படுக்கை படுக்கையாக, "எனக்கு மருந்தே வேண்டியிருந்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் போக, காசநோய்க்காரப் பெண் ஒருத்தி அன்று ஊசி வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மா போய் அதட்டிப் போட வேண்டியதாயிற்று. அதன்பிறகு மாமியைப் பாடல் மட்டும் பாடச் சொன்னோம். அவருடைய பாட்டு அப்படி ஒன்றும் ஆறுதலாக இருக்காது என்பது வேறு.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இது உங்களுக்கும் நடக்கும். ஒரு மாதம் எண்ணியபோது வெள்ளணுக்கள் சட்டென்று ஏறியிருந்தன. திரும்ப எண்ணினேன், அதேதான். எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது, ஒரே பதற்றம். வெளிநோயாளிகள் வரிசையைத் தாண்டி டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் எண்ணிக்கையைக் காதில் வாங்கிக்கொண்டார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஆளு எங்ஙனெ இருக்குந்நு?" என்றார்.

ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார். ரத்தத்தைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. வெளியே வந்து தேடினால், மாமி கிணற்றடியில் இன்னொரு பெண்ணுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கவில்லை. அதைப் போய்ச் சொன்னேன். "அப்போ அடுத்த மாசம் வரட்டே" என்று டாக்டரம்மா அடுத்தவரைக் கூப்பிட்டார். வெள்ளணு ஏறுவதை மட்டும் வைத்து அவர் எதையும் தொடங்கமாட்டார். சிவப்பு குறைகிறதா, மண்ணீரல் வளர்கிறதா, ஆள் தளர்கிறாரா என்பதையே பார்ப்பார். அன்றுமுதல் விரலில் குத்துவதற்கு முன் முகத்தைப் பார்க்கப் பழகினேன். பயம் மட்டும் போகவில்லை.

பிறகு ஒரு மாதம் போராட்டம் முற்றியது. பஸ் அடியோடு நின்றது. ஐந்து பேர் சேர்ந்து ஓரிடத்தில் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அது ஆலயத்துக்கும் பொருந்துமா என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் போதகர் ஆலயத்தைப் பூட்டிவிட்டார். பெண்கள் சங்கமும் வரவில்லை. நான் வயல் வரப்பு வழியாக வேலைக்கு நடந்து போவேன். வழியெல்லாம் மகனை நினைத்துக்கொண்டு போவேன். வேலையறையில் மாமியை நினைத்துக்கொண்டிருப்பேன்.

உத்தரவு இருந்த நாட்களிலேயே மாமி ஒரு காலையில் தனியாக வந்தார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிப் படியில் ஏறியவர் பாதியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்து, யாரும் பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உள்ளங்கை தோலுரித்த மரச்சீனிக் கிழங்கைப்போல வெளுத்திருந்தது.

"பஸ் இல்லல்லா, நடந்து வந்ததாக்கும்" என்றார். முன்பும் நடந்துதான் வந்திருக்கிறார்.

அன்று எண்ணி முடிக்கும்வரை டாக்டரம்மா காத்திருக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மண்ணீரல் தொப்புள்வரை வந்திருந்தது. கை கழுவிக்கொண்டே என்னிடம், "திருவனந்தபுரத்து அயக்கணும். எக்ஸ்ரே. நீ பற. நின்றெ ஆளல்லே" என்றார். திருவனந்தபுரத்துக்கு அனுப்ப வேண்டும், என்னுடைய ஆள்தானே, நானே சொல்ல வேண்டுமாம்.

நான் மாமி பக்கத்தில் உட்கார்ந்தேன். "மாமி, இனி மருந்து தொடங்கணும்."

"எதுக்கு?"

"அண்ணைக்கு ரெத்தத்துல கொறவு உண்டு, இப்பம் மருந்து வேண்டாமுன்னு சொன்னாவல்லா. இப்பம் வேணும்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பம் அது போகல்லியா?"

"போகல்ல மாமி. ஒரு நாளும் போகல்ல. பைய வளந்துட்டு இருந்தது. அதத்தான் மாசாமாசம் பாத்துட்டு இருந்தோம்."

"எனக்க ரெத்தம் எடுத்தது இதுக்கா? உனக்க சம்பளத்துக்கு இல்லியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டார். டாக்டரம்மாவைப் பார்த்து, "இதுக்கு ஒரு பேரு உண்டா?" என்று கேட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. "உண்டு. ரத்தத்தில் வருந்ந கேன்சர்" என்று சொல்லிவிட்டார்.

"கேன்சர் எண்ணா புண்ணு வாறதல்லா? எனக்கு புண்ணு ஒண்ணும் இல்லியே" என்றார் மாமி. பிறகு, அதை ஓரமாக ஒதுக்கி வைப்பதுபோல், "அது கிடக்கட்டு. பின்ன நான் சபையில சொன்னது?" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்காமல் அவரே தொடர்ந்தார்.

"நான் கர்த்தருக்க பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டேன். எழும்பி நிண்ணு சொல்லிட்டேன். அத சபையிலேயே திருத்தாம நான் எங்கயும் வாறதா இல்ல. ஞாயிறாச்ச கழியட்டு."

"ஆலயம் பூட்டிக் கிடக்கு மாமி."

"திறக்கட்டு. அதுவரைக்கும் இருக்கேன்."

எப்போது திறக்கும் என்று எங்களுக்கு மட்டுமல்ல, போலீஸ்காரர்களுக்கும் தெரியாது. டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டார். "காத்திருக்கான் ஞான் பறஞ்ஞ காலம் கழிஞ்ஞு" என்றார், காத்திருக்கச் சொன்ன காலம் முடிந்துவிட்டதாம். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இத்தனை மாதம் காத்திருக்கலாம் என்று சொன்னவர் அவர். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் வைத்திருந்திருக்கிறார்.

இழுத்து ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றலாம், அவர் மகனை வரச்சொல்லி மிரட்டலாம் என்றெல்லாம் யோசனை வந்தது. ஆனால் மாமி கேட்டது உயிரைப் பற்றி அல்ல. அவர் கேட்காத ஒன்றுக்கு நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே போனேன்.

"மூணு பேரு கூடினாலும் சபைதானே மாமி? இஞ்ச மூணு பேரு இருக்கோம். இப்பமே சொல்லுங்க."

"மூணு பேரா? அண்ணைக்கு எனக்க ஏத்தங்குலை ஏலம் போனப்பம் முற்றம் நிறைய ஆளு. எடுத்தது உனக்க மாப்பிள. அத்தன பேருக்க முன்னால சொன்னத மூணு பேருக்க முன்னால திருத்தினா கணக்கு ஒக்குமா?"

"அப்பம் ஒரு வீடு விடாம நான் போய்ச் சொல்லுதேன். வீட்டுக்குள்ள போய் நிண்ணா உத்தரவுக்கு விரோதம் இல்ல."

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்ன சொல்லுவ?"

"ரெத்தினபாய் மாமிக்கு அண்ணைக்கு நோய் தீரல்ல, இப்பம்தான் மருந்து தொடங்குது, அவங்க தெரியாம சொன்னது, தெரிஞ்சதும் திருத்தச் சொன்னாவன்னு சொல்லுவேன்."

"ஒரு வீடும் விடக்கூடாது."

"விடமாட்டேன்."

"செரி, வண்டி எங்க?" என்று எழுந்தார்.

ஒரு நோயாளியின் நோயை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போன பணியாளர் என்னைத் தவிர எங்கேயும் இருக்கமாட்டார். அவர் சொல்லச் சொன்னார் என்பதுதான் எனக்குள்ள ஒரே நியாயம். வேலை முடிந்த மாலைகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சபையார் வீடுகளுக்குப் போனேன். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கேட்ட கேள்வி அந்த வீடுகளில்தான் எனக்குப் பிறந்தது. மாமி கேட்டதை மட்டும் சொல்லிவிட்டு வர முடியவில்லை. எல்லா வீட்டிலும், "பின்ன எதுக்கு அப்பம் மருந்து தரல்ல?" என்று கேட்டார்கள்.

முதல் வீட்டில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். "அய்யோ, அப்பம் பொழைக்கமாட்டாளா?" என்று அந்த அக்கா அழத் தொடங்கிவிட்டாள். அடுத்த வீட்டில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். "இதுக்கா பிள்ளையையும் தூக்கிட்டு அலையுத? நீ வேலையத்தவளா?" என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு வயதானவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் முழுவதையும் விளக்கினேன்.

"வீட்டுல தீ பிடிச்சத பாத்துட்டு இருந்தியளா? கொள்ளாமே!" என்றார்.

"தீயில்ல அப்பச்சி. ரப்பர் மரம் வெட்டுக்கு ஆகல்லேன்னா வெட்டுவீங்களா? வெட்டினா மரம் போயிருமல்லா. அதுபோல..."

"மரத்த வெட்டது பாலுக்கு. நீ நோயில பால் எடுக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் கத்தியைத் தொடர்ந்து தீட்டினார்.

ஒரு வீட்டில், "விசுவாசம் காணாது, அதனாலயாக்கும் திரும்பி வந்தது" என்றாள் ஒருத்தி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விசுவாசம் இல்லாதவங்கன்னா தன் குறையச் சொல்ல என்னைய உங்க வாசலுக்கு அனுப்புவாவளா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது, நாம் விளக்கப் போனவர்கள், வாதாடப் போனவர்கள் அல்ல. ஆனால் அந்த ஒரு வீட்டில்தான் நான் சொன்னது புரிந்தது என்று நினைக்கிறேன். அவள் எழுந்து வந்து பிள்ளைக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுத்தாள்.

எல்லா வீட்டுக்கும் போனேன். ஒரே வாக்கியத்தை இரண்டு வீட்டில் சொன்னதாக நினைவில்லை. எதுவும் சரியாக வரவில்லை.

மாமி திருவனந்தபுரத்திலிருந்து திரும்பி வந்தார். வாந்தியும் களைப்பும் பாடாய்ப் படுத்தியிருந்தன. முடி கொஞ்சம் உதிர்ந்திருந்தது. ஆனால் மண்ணீரல் சுருங்கியிருந்தது, உள்ளங்கையில் சிவப்பு திரும்பியிருந்தது. இனி மறுபடியும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. இந்த முறை மாமி வார்டுக்குப் போகிற சாக்கு எதுவும் இல்லாமல் மற்றவர்களோடு வரிசையில் நின்று விரலை நீட்டினார். என்னோடு சில மாதங்கள் சரியாகப் பேசவில்லை. ரத்தம் எடுக்கும்போது கூரையைப் பார்ப்பார். அது நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குச் சின்னவள் பிறந்தபோது மூன்று கட்டு மரச்சீனியோடு வீட்டுக்கு வந்தார். அதோடு அது தீர்ந்தது. பிறகு எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றுவிட்டது. ஆலயம் எப்போதும்போலத் திறந்திருக்கிறது.

உங்களுக்கு இதை எழுத ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் மாமி வந்தார். மூத்தவனை மடியில் போட்டு முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"அறுப்புப் பண்டிகை வருதல்லா மக்கா. எனக்கு எழும்பி நிக்கணும். இவ்வளவு செய்தவருக்கு ஸ்தோத்திரம் சொல்லாம இருக்க முடியாது. சொகமாச்சுன்னு சொன்னா பொய்யி. சொகமில்லேன்னு சொன்னா நண்ணிகேடு. நீ படிச்சவ. ரெண்டு வரி எழுதித் தா. நான் மனப்பாடம் பண்ணிச் சொல்லுதேன்."

நான் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நோய் பெரிதாகிவிடுகிறது, பிள்ளைகள் பயப்படுவார்கள். இன்னொன்றில் நோயே இல்லாமல் போய்விடுகிறது. டாக்டரம்மாவிடம் கேட்டேன், "அது எனிக்கும் அறியில்லா" என்றார். வீட்டுக்காரரிடம் கேட்டேன், வாத்தியார்த் தமிழில் நீளமாக ஒன்று எழுதித் தந்தார், மாமி பாதியிலேயே தூங்கிவிட்டார். வேலையை விட்ட பிறகும் இது என்னை விடவில்லை. நான் அவருக்கு அன்று சொல்லாமல் வைத்தது சரியா, டாக்டரம்மா பெயரைச் சொன்னது சரியா என்று கேட்டால்கூட ஏதாவது பதில் சொல்வேன். இதற்கு மட்டும் முடியவில்லை.

தங்கைகளே, இனி மாதாமாதம் அவர் உங்களிடம்தான் வருவார். முகத்தைப் பார்த்துவிட்டு விரலில் குத்துங்கள். அவர் என்ன பேசுகிறார், எந்த வார்த்தையைக் கேட்டால் பயப்படுகிறார், எதைக் கேட்டால் சிரிக்கிறார் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியவரும். உங்களில் யாருக்காவது, இதை வாசிக்கிற வேறு யாருக்காவது, அந்த இரண்டு வரி தோன்றினால் எனக்கு எழுதி அனுப்புங்கள். மாமி எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். சொற்கள் சின்னதாக இருக்கட்டும். நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற நீளத்தில் இருக்கட்டும். பண்டிகைக்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.